மாமாவின் அச்சகக் கோப்புகளுக்காக ஒரு மெய்நிகர் கணினி

தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் என் மாமா இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அச்சகம் நடத்தி வருகிறார். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், மாரியம்மன் பண்டிகை நோட்டீஸ் என்று அவர் வடிவமைத்தவை எல்லாம் பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளாக ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் இருந்தன. சென்ற கோடையில் அந்தக் கணினியின் மதர்போர்டு போய்விட்டது. வன்தட்டு மட்டும் பிழைத்துக்கொண்டது. அக்காவுக்கு அடித்த மாதிரியிலேயே தம்பிக்கும் பத்திரிகை வேண்டும் என்று பத்து வருடம் கழித்து வந்து கேட்கும் குடும்பங்கள் அவருடைய வாடிக்கையாளர்கள் என்பதால், அந்தக் கோப்புகளைத் திறக்க முடியாமல் போவது தொழிலில் பாதியை இழப்பதற்குச் சமம்.

கோப்புகளை என் மடிக்கணினியில் நகலெடுத்துப் பார்த்தபோது, தனியாகச் சேமித்திருந்த எழுத்துக் கோப்பு ஒன்று திறந்தது. ஆனால் அதில் ‘திருமணம்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும்தான் நின்றன. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைக்கும் பழைய பாமினி எழுத்துரு முறையில் அடித்தால் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளிக் குறியின் இடத்தில்தான் உட்காரும். எழுத்துரு இல்லாத கணினிக்கு அது வெறும் அரைப்புள்ளி. எழுத்துருவை நிறுவினால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். ஆனால் பக்க அமைப்பைத் திறக்கப் பேஜ்மேக்கரே வேண்டும். அடோபி நிறுவனம் அதன் வளர்ச்சியை 2004இலேயே நிறுத்திவிட்டதால், இன்றைய விண்டோஸுக்கென்று அது எழுதப்படவே இல்லை. மாமா பயன்படுத்தும் தமிழ்த் தட்டச்சு மென்பொருளோ உரிமத்தைச் சரிபார்க்கும் யுஎஸ்பி டாங்கிள் என்ற சிறு கருவியைச் செருகினால்தான் ஓடும், அந்த டாங்கிளுக்கு டிரைவர் எக்ஸ்பிக்கு மட்டுமே உண்டு. ஆகவே எக்ஸ்பியையே முழுதாக ஒரு மெய்நிகர் கணினிக்குள், அதாவது என் கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய இன்னொரு கணினிக்குள், ஓடவிடுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மெய்நிகர் கணினியை உருவாக்க எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால் பலரும் வேகத்தைத்தான் முதலில் பேசுகிறார்கள். என் அனுபவத்தில், கையில் இருக்கும் கணினியும் உள்ளே ஓடவேண்டிய இயங்குதளமும் சேர்ந்து பாதி முடிவை நமக்காக எடுத்துவிடுகின்றன. என் மடிக்கணினியில் இருப்பது விண்டோஸ் 11 ஹோம். அத்தகைய மென்பொருள்களில் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி, விண்டோஸின் புரோ பதிப்பிலும் அதற்கு மேற்பட்ட பதிப்புகளிலும்தான் கிடைக்கும் என்பதால் அது தொடக்கத்திலேயே விலகியது. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு நான் தயங்காமல் கேவிஎம்மைச் சொல்வேன்; 2007 பிப்ரவரியில் வந்த 2.6.20ஆம் பதிப்பிலிருந்து அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, விர்ட்-மேனேஜர் என்ற முகப்பை நிறுவினால் கட்டளைகள் தெரியாதவரும் கையாளலாம்.

மிஞ்சியவை விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் புரோவும் விர்ச்சுவல்பாக்ஸும். முன்னது நெடுங்காலம் விலை கொடுத்து வாங்கவேண்டியதாக இருந்தது. பிராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கிய பிறகு, 2024 மே மாதம் சொந்தப் பயன்பாட்டுக்கும் அதே ஆண்டு நவம்பரில் வணிகப் பயன்பாட்டுக்கும் இலவசமானது. முப்பரிமாண வரைகலை வேண்டியவர்களுக்கு அதுவே மேல் என்பது என் கருத்து. ஆனால் பேஜ்மேக்கருக்கு முப்பரிமாணம் எதற்கு? நான் விர்ச்சுவல்பாக்ஸை எடுத்துக்கொண்டேன். ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனம் 2007இல் வெளியிட்டு, சன் வழியாக ஆரக்கிள் கைக்குப் போன இந்த மென்பொருளின் அடிப்படைத் தொகுப்பு கட்டற்ற உரிமத்தில் வருகிறது. கணக்கு எதுவும் தொடங்காமல் இறக்கிக்கொள்ளலாம். எக்ஸ்டென்ஷன் பேக் என்ற கூடுதல் தொகுப்பு மட்டும் சொந்தப் பயன்பாட்டுக்கே இலவசம். எங்களுடையது கடை வேலை என்பதால் அதை நான் நிறுவவில்லை. யுஎஸ்பி 2.0க்கு முன்பு அந்தத் தொகுப்பு தேவைப்பட்டது, 7.0 பதிப்பிலிருந்து அது அடிப்படைத் தொகுப்பிலேயே அடங்கிவிட்டதால் டாங்கிளுக்கும் தடை இல்லை.

நிறுவும் முன் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய், சிபியுவின் கீழே விர்ச்சுவலைசேஷன் (மெய்நிகர் கணினிகளை ஓட்டச் சிபியு தரும் வசதி) என்ற வரி என்ன சொல்கிறது என்று பாருங்கள். என்னுடையதில் ‘டிசேபிள்டு’ என்று இருந்தது. கணினி தொடங்கும்போதே திறக்கும் பயாஸ் அமைப்புக்குள் சென்று, இன்டெல் விடி என்று அழைக்கும் அந்த வசதியை இயக்கினேன். ஏஎம்டி சிபியுவாக இருந்தால் அதற்கு எஸ்விஎம் என்று பெயர் இருக்கும். இந்த வசதி இல்லாத சிபியுவில் விர்ச்சுவல்பாக்ஸின் 6.1 முதலான பதிப்புகள் எந்த மெய்நிகர் கணினியையும் ஓட்டாது. பிறகு எக்ஸ்பிக்கு ஒரு ஜிபி ரேமும் ஒரு சிபியுவும் ஒதுக்கினேன். மொத்தமே 8 ஜிபி உள்ள என் மடிக்கணினிக்கு அது சுமையாகத் தெரியவில்லை. மெய்நிகர் வன்தட்டை ஐடிஈ என்ற பழைய வகை இணைப்பில்தான் இணைக்கவேண்டும். சாட்டா என்ற புதிய வகையில் இணைத்துவிட்டு, எக்ஸ்பியின் நீலத் திரை வன்தட்டே இல்லை என்று சொல்வதைப் பார்த்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலை நான் இழந்தேன். எக்ஸ்பி குறுந்தகட்டில் சாட்டாவுக்கான டிரைவர் கிடையாது. அதுபோலவே யுஎஸ்பி 3.0 எக்ஸ்பிக்குத் தெரியாது, 2.0ஐத் தேர்ந்தெடுத்த பிறகே டாங்கிளின் பச்சை விளக்கு எரிந்தது.

ஓடத் தொடங்கியதும் சாளரத்தின் கீழ்ப்பட்டையில் சிறிய ஆமைப் படம் ஒன்று தெரிந்தது. விண்டோஸின் மெமரி இன்டெக்ரிட்டி போன்ற பாதுகாப்பு வசதிகள் ஹைப்பர்-வியின் அடித்தளத்தைத் தாமே எடுத்துக்கொள்ளும்போது, விர்ச்சுவல்பாக்ஸ் அதற்கு மேல் ஏறி மெதுவாக ஓடுகிறது என்பதற்கு அந்த ஆமை அடையாளம். பாதுகாப்பை அணைத்துவிட்டால் ஆமை போய்விடும் என்று நண்பர்கள் சொன்னார்கள். வங்கிக் கணக்கைப் பார்க்கும் அதே மடிக்கணினியில் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. எக்ஸ்பி இலகுவானது, ஆமை வேகமே பத்திரிகை வடிவமைக்கப் போதுமானதாக இருக்கிறது.

எக்ஸ்பிக்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு நின்றுவிட்டன. அதனால் அந்த மெய்நிகர் கணினிக்கு இணைய இணைப்பு அறவே கொடுக்கவில்லை. பகிர்வுக் கோப்புறை ஒன்றின் வழியாகக் கோப்புகள் உள்ளே போகின்றன. முடித்த பத்திரிகை போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சுக் கோப்பாக வெளியே வந்து, விண்டோஸ் 11இல் பிடிஎஃப் ஆகிறது.

மெய்நிகர் கணினியின் ஒரு கணத்து நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட்டைப் பற்றி ஒன்றைச் சொல்லியாகவேண்டும், ஏனெனில் அதை நம்பி நான் அடிபட்டேன். எல்லாம் சரியாக அமைந்த பிறகு மாமாவின் கடையிலுள்ள மேசைக்கணினிக்கு இதை மாற்றி, ஒரு ஸ்னாப்ஷாட்டும் எடுத்துவைத்திருந்தேன். ஒரு மாலை இடியோடு கோடை மழை பிடித்து மின்சாரம் நின்றது. யுபிஎஸ் கிடையாது. மீண்டும் இயக்கியபோது மெய்நிகர் வன்தட்டுக் கோப்பு கெட்டுப்போயிருந்தது. ஸ்னாப்ஷாட் என்பது மூலக் கோப்பிலிருந்து ஏற்பட்ட மாற்றங்களைத் தனியே எழுதிவைக்கும் ஏற்பாடுதான். மூலம் கெட்டால் அதுவும் உதவாது. மடிக்கணினியில் பழைய நகல் இருந்ததால் தப்பித்தோம், ஆயினும் நான்கு நாள் வேலையை மாமா மறுபடி செய்யவேண்டியிருந்தது. அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, எனக்குத்தான் பொறுக்கவில்லை.

இப்போது கடையில் யுபிஎஸ் இருக்கிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் கடை மூடும் முன் எக்ஸ்பியை முறைப்படி ஷட் டவுன் செய்து, மெய்நிகர் கணினி முழுவதையும் ஓவிஏ என்ற வகையில் ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து வெளி வன்தட்டில் வைக்கிறோம். நாளை விஎம்வேருக்கு மாற நேர்ந்தாலும் அந்தக் கோப்பு அங்கே திறக்கும். முதன்முறை எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளித் திரை வந்து, 2009இல் அடித்த ஒரு பத்திரிகை அதே பார்டரோடும் அதே பிள்ளையாரோடும் விரிந்தபோது, மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “மாப்பிள்ளை, இது என் பழைய கம்ப்யூட்டரேதான்” என்றார். பிறகு மணமகன் பெயர் இருந்த வரியில் சொடுக்கி, அதை அழித்துவிட்டுத் தம்பியின் பெயரை அடிக்கத் தொடங்கினார்.