தண்ணியைக் குறை சொல்ல முதல், மூன்று மாதம் பின்னுக்குப் போங்கள்

யாழ்ப்பாணத்தில் தலைமயிர் கொட்டத் தொடங்கினால் முதற்பழி கிணற்றின் மேல்தான். "எங்கட தண்ணி சுண்ணாம்பு, அதுதான் கொட்டுது" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லுவா. அடுத்த கிழமை ஷாம்பு மாறும், பிறகு எண்ணெய் மாறும். அரை வருடம் இப்படிப் போன பிறகு கிளினிக்குக்குப் போனால், டொக்டர் தண்ணியைப் பற்றிக் கேட்பதை விட, "மூன்று மாதத்துக்கு முன் உங்களுக்கு ஏதாவது வருத்தம் வந்ததா?" என்றுதான் கேட்பார். அதற்கான விடையை வீட்டிலேயே தேடி எடுத்துக்கொண்டு போகலாம்.

முதலில் எண்ண வேண்டும். ஒரு தலையில் ஏறக்குறைய ஒரு இலட்சம் மயிர் உண்டு. நாளுக்கு 50 முதல் 100 வரை விழுவது வழமை. வெள்ளிக்கு வெள்ளி முழுகுகிறவர்கள் இதில்தான் பயந்துவிடுகிறார்கள். கிழமை முழுக்க விழ வேண்டியவை பின்னலுக்குள்ளேயே சிக்கி நின்று, முழுகும்போது ஒன்றாக வரும். அன்று 200, 300 கண்டாலும் அது ஒரு நாள் கணக்கு இல்லை. ஆகவே 14 நாள் எண்ணுங்கள். சீப்பு, தலையணை, குளியலறையில் தண்ணி போகும் வாய் மூன்றிலும் கிடப்பதைப் பொறுக்கி, நாளுக்கொரு கடித உறையில் திகதி போட்டு வையுங்கள். மொத்தத்தை 14 ஆல் பிரித்து வருவதுதான் உண்மையான கணக்கு. இடுப்பு வரை மயிர் உள்ளவருக்கு 60 சேர்ந்தாலே பெரிய சுருளாகத் தெரியும். கண்மதிப்பை நம்ப வேண்டாம்.

அடுத்து, விழுந்தது அடியோடு வந்ததா, நடுவில் முறிந்ததா என்று பார்க்க வேண்டும். எண்ணியதில் பத்தை எடுத்து வெள்ளைக் கடதாசியில், வெளிச்சத்தில் பரப்புங்கள். ஒரு முனையில் ஊசித்தலையை விடச் சின்னதாக ஒரு வெள்ளைக் குமிழ் இருந்தால் அது தன் காலம் முடிந்து அடியோடு கழன்ற மயிர். "வேரோடயே வந்திட்டுது, இனி முளைக்காது" என்று பலர் கலங்குவது இதைக் கண்டுதான். அந்தக் குமிழ் வேர் அல்ல. மயிரை முளைக்க வைக்கும் பை தோலுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது. குமிழ் இல்லாமல் குட்டையும் நெட்டையுமாகத் துண்டுகள் கிடந்தால் அது முறிவு: ஈரத்தில் சீவியது, மயிரை நேராக்கும் மருந்து, சூட்டுக் கருவி, இறுக்கிய றப்பர் வளையம் என்று அதன் காரணங்கள் வேறு.

இழுத்துப் பார்க்கும் சோதனையும் ஒன்று உண்டு. காய்ந்த தலையில் 50, 60 மயிரை மூன்று விரலால் அடியில் பிடித்து, நுனி வரை மெதுவாக இழுத்து வாருங்கள். உச்சி, இரு பக்கம், பிடரி என நாலு இடத்திலும் செய்யுங்கள். ஒரு பிடிக்கு ஒன்றிரண்டு வந்தால் பரவாயில்லை. ஆறுக்கு மேல் வந்தால் கொட்டல் இப்போதும் தீவிரமாக நடக்கிறது.

குமிழோடு, தலை முழுவதும் பரவலாகக் கொட்டுகிறது என்றால் இனி நாட்காட்டியை எடுங்கள். வளர்வதை நிறுத்திய மயிர் உடனே விழாது. இரண்டு மூன்று மாதம் தோலில் நின்றுவிட்டுத்தான் விழும். உடம்புக்குப் பெரிய அடி ஒன்று பட்டால் வழமையை விடக் கூடுதலான மயிர்கள் ஒரே நேரத்தில் வளர்ச்சியை நிறுத்தும், பிறகு ஒரே நேரத்தில் விழும். மார்கழி, தையில் மாரி மழையோடு டெங்கு வந்து கிடந்தவருக்குப் பங்குனி, சித்திரையில் கொட்டும். அதற்குள் காய்ச்சல் மறந்துபோகும், தண்ணி மாட்டிக்கொள்ளும். சத்திரசிகிச்சை, கலியாணத்துக்கு முன் பட்டினி கிடந்து விறுவிறென்று மெலிந்தது, வீட்டில் இழப்பு என்று எதுவும் இந்தக் கணக்கில் வரலாம். பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கத் தாய்க்கு மயிர் கொட்டும் என்று பெரியவர்கள் சொல்வதில் காலக்கணக்கு மிகச் சரி. காரணம் மட்டும் பிள்ளையின் சிரிப்பல்ல, பேறுக்குப் பின் ஓமோன் இறங்குவது. இந்த வகை பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகக் குறையும். பேற்றுக்குப் பிந்தியது முழுதாகச் சீராக ஒரு வருடம் வரை எடுக்கலாம்.

மூன்று மாதத்துக்கு முன் எதுவுமே இல்லை, அல்லது ஆறு மாதம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் இரத்தம் பார்க்க வேண்டும். பெரும்பாலும் எழுதித் தருவது எப்.பி.சி (இரத்த அணுக்களின் முழுக் கணக்கு), பெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), ரி.எஸ்.எச் (தைரொயிட் பரிசோதனை). இதில் அதிகம் தவறவிடப்படுவது பெரிட்டின். ஈமோகுளோபின் 12க்கு மேல் இருந்தால் "இரத்தம் நல்லா இருக்கு" என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் இரும்புச் சேமிப்பு கரைந்த பிறகுதான் ஈமோகுளோபின் இறங்கும். மாதவிடாய் அதிகமாகப் போகிற பெண்களுக்கு பெரிட்டின் 30க்குக் கீழே கிடப்பது அரிதல்ல. காய்ச்சல், தொற்று உள்ள நேரம் பெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும், ஆகவே சுகமான பிறகு எடுங்கள்.

வெளிநாட்டுச் சொந்தங்கள் கொண்டுவரும் "மயிர் வளர" விற்றமின் போத்தலைப் பற்றி டொக்டரிடம் சொல்லாமல் விடாதீர்கள். அதில் உள்ள பயோட்டின் தைரொயிட் பரிசோதனையைக் குழப்பும். இல்லாத தைரொயிட் நோய் இருப்பதுபோல அறிக்கை வரலாம். எத்தனை நாள் முன் நிறுத்துவது என்று கேட்டு நிறுத்துங்கள். விற்றமின் ஏ அளவுக்கு மிஞ்சினால் அதுவே மயிரைக் கொட்ட வைக்கும்.

இரும்புக் குளிசை தந்தால் அதைச் சாப்பாட்டுக்குப் பிந்திய பிளேன்ரீயோடு விழுங்குவதுதான் எங்கள் வீடுகளில் நடக்கும் பெரிய பிழை. தேயிலையின் துவர்ப்பு இரும்பை உடம்பில் சேர விடாது. கல்சியக் குளிசையும் அப்படித்தான். தேசிக்காய்த் தண்ணியோடு எடுத்து, தேத்தண்ணிக்கு ஒன்றிரண்டு மணித்தியாலம் இடைவெளி விடுங்கள்.

குளிசைப் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். வலிப்புக்கான வல்ப்ரோயேட், தைரொயிட்டுக்கான கார்பிமசோல், இரத்தம் உறையாமல் தரும் வார்ஃபரின், சில பிரஷர் குளிசைகள் ஆகியவற்றால் கொட்டலாம். நீங்களாக நிறுத்த வேண்டாம், தந்தவரிடம் கேளுங்கள். மயிர் வளரத் தரும் மினொக்சிடில் மருந்தைத் தொடங்கியவருக்கு முதல் சில கிழமை கூடுதலாகக் கொட்டும்; பயந்து அப்போதே விட்டுவிட்டால் பலன் கிடைக்காது.

சில நிலைகளில் எண்ணிக்கொண்டிராமல் நேரே போங்கள். நாணயம் அளவில் வழுவழுப்பான வட்டம் (புழுவெட்டு என்பது இதைத்தான், இதில் புழு எதுவும் இல்லை), பிள்ளையின் தலையில் செதிலோடு முறிந்த மயிர் (அது பூஞ்சணம், பூசுமருந்து மட்டும் போதாது, குளிசை வேண்டும்), தழும்புபோலப் பளபளக்கும் இடம், மூட்டு நோவும் கன்னச் சிவப்பும், மாதவிடாய் தப்புவதோடு முகத்தில் மயிர். வகிடு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு அகன்று வருவது பரம்பரை வகை. அது தானாக நிற்காது, பிந்தினால் இழப்பு கூடும். பள்ளிக்கூடப் பிள்ளையின் நெற்றியோரமும் காதோரமும் மெலிந்தால் இரட்டைப் பின்னலைத் தளர்த்திக் கட்டுங்கள். வருடக்கணக்கில் இழுபட்ட இடம் பிறகு முளைக்காமலே போகலாம்.

கிணற்றுத் தண்ணிக்கு வருவோம். குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருப்பதால் தண்ணி வன்மையானது என்பது உண்மை. சவர்க்காரத்தோடு சேர்ந்து பிசுக்காகப் படிந்து மயிரைச் சொரசொரப்பாக்கும், சிக்க வைக்கும், முறியவும் வைக்கலாம். குமிழோடு கொட்ட வைப்பது அது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. சந்தேகம் என்றால் நாலு கிழமை கடைசி அலசலை மட்டும் மழைத் தண்ணியிலோ காய்ச்சி வடித்த தண்ணியிலோ செய்து, கடித உறைக் கணக்கை ஒப்பிடுங்கள். செவ்வரத்தம் இலையும் வெந்தயமும் அவித்து முழுகுவதில் தீங்கில்லை, மயிர் மெதுமையாகும். பெரிட்டினை அது ஏற்றாது.

யாழ் போதனா வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்கோ தனியாரிடமோ போகும்போது 14 நாள் கணக்கு, குளிசைப் பெயர்கள், பழைய இரத்த அறிக்கைகள், ஒரு வருடத்துக்கு முந்திய முகம் தெரியும் படம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். அன்று தலைக்கு எண்ணெய் வேண்டாம், தோல் தெரியாது.

மயிர் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும், ஆகவே சிகிச்சை தொடங்கி மூன்றாம் மாதம் வரை கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. அதன் பிறகு நெற்றியோரத்தில் விரல் அகலக் குட்டை மயிர்கள் எழும்பி நிற்கும். ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து நுனியைப் பாருங்கள். கூராக ஒடுங்கியிருந்தால் அது புதிதாக முளைத்தது. வெட்டியதுபோல மொட்டையாக இருந்தால் முறிந்தது.