பதிவேடு எல்லை தாண்டக் கூடாது, நிதியும் எல்லை தாண்டாது

எங்கள் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் படம் எடுத்து முடித்துப் பத்து நாள்தான் ஆகிறது. இந்த வேலைக்கு ஒரு வருடம் ஓடிவிட்டது. நடுவில் இரண்டு இரவுப் பயணங்கள் வீணாயின, ஒரு தேதிப் பிழையால் ஐந்து வாரம் போனது. இந்த வேலையில் இறங்க நினைக்கும் எல்லைப்புறச் சபைகள் நாங்கள் முட்டிய சுவரிலேயே போய் முட்ட வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கேரளத்தில் பாறசாலைப் பக்கம். ஆட்டோவில் ஏறினால் பத்து நிமிடத்தில் களியக்காவிளை, தமிழ்நாடு. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், ஆராதனையில் இரண்டும். மொழிவழி மாநிலங்கள் பிரிந்த 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை தாலுகாக்கள் அந்தப் பக்கம் போயின, நெய்யாற்றின்கரை தாலுகாவில் இருந்த நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம். 1959இல் எங்கள் சபைகளை நிர்வகிக்கும் பேராயமும் கன்னியாகுமரி, தென்கேரளம் என இரண்டாயிற்று. பதிவேடுகள் மட்டும் அதே மர அலமாரியில் இருந்தன. 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்து தொடங்கிய லண்டன் மிஷன் வேலை மேற்கே பரவியபோது உண்டான சபைகளில் எங்களுடையதும் ஒன்று. அந்தக் காலத்து உபதேசியார்கள் தமிழில்தான் எழுதி வைத்தார்கள்.

சபையில் அந்தப் பக்கங்களை வாசிக்கக் கடைசியாக ஒருவர் இருந்தார், ஓய்வு பெற்ற தமிழாசிரியர். யாராவது பழைய ஞானஸ்நானச் சான்று கேட்டு வந்தால் போதகர் அவருக்கு ஆள் அனுப்புவார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு வரி வரியாக வாசித்துச் சொல்வார். போன வருடம் ஆனி மாதம் அவரை அடக்கம் செய்தோம். அடுத்த வாரமே ஒரு குடும்பம் பாட்டனார் ஞானஸ்நானம் பெற்ற நாளைக் கேட்டு வந்தது. போதகர் மலையாளி, தமிழ் எழுத்து அறியாதவர். நான் சபைச் செயலாளர். எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், ஆனால் அந்த எழுத்தை வாசிக்கத் தெரியவில்லை. அவர்களை வெறும் கையோடு அனுப்பினேன். அன்று இரவு எனக்கு உறக்கமே வரவில்லை.

மார்த்தாண்டத்தில் ஒரு திருமண வீட்டில்தான் வழி கிடைத்தது. அங்கே வந்திருந்த ஓர் ஆய்வு மாணவி, தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தின் கிறித்தவவியல் துறையில் படிப்பவர். அவர்களுடைய துறை சமூக விரிவாக்கப் பணி என்ற பெயரில் பழைய சபைப் பதிவேடுகளை வாசிக்க ஊராருக்குப் பயிற்சி கொடுக்கிறது, படம் எடுக்கவும் கற்றுத் தருகிறது, கட்டணம் இல்லை என்றார். கமிட்டியில் சொன்னேன். எல்லோருக்கும் சம்மதம். விண்ணப்பத்தை எழுதிக்கொண்டு இரவு பஸ் பிடித்தேன்.

காலையில் துறை அலுவலகத்தில் எழுத்தர் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தார்.

“சபை எந்த மாவட்டம்?”

“திருவனந்தபுரம்.”

பேனாவை மூடிவிட்டார். “அது வேறு மாநிலம். எங்கள் நிதி இந்த மாநிலத்துக்குள்தான் செலவாக வேண்டும்.”

“புத்தகம் முழுவதும் தமிழ், சார். எல்லை வருவதற்கு முன்பு எழுதியது.”

“அதைத் தணிக்கைக்காரரிடம் சொல்ல முடியுமா? புத்தகத்தை இங்கே கொண்டு வந்துவிடுங்கள். நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.”

பதிவேடு ஆலயத்தை விட்டு வெளியே போகக் கூடாது. இது எங்கள் கண்டிப்பான ஒழுங்கு, நியாயமான ஒழுங்கும்கூட. ஒரு காலத்தில் நிலவழக்கு ஒன்றுக்காகப் போன அடக்கப் பதிவேடு திரும்பி வரவே இல்லை என்று பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அதைச் சொன்னபோது அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். துறைத்தலைவரைப் பார்க்கலாம் என்றால் அவர் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போயிருந்தார். தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போயிருந்தால் அந்தப் பயணம் மிஞ்சியிருக்கும். ஏப்ரல், மே, நவம்பர் மாதங்களில் பேராசிரியர்களைத் தேடிப் போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

திரும்பி வரும்போது மனம் கொதித்தது. எங்கள் பாட்டன் பூட்டன் பெயர்களைக் கோடு போட்டுப் பிரித்தவர்கள் யாரோ, அதன் விலையைக் கொடுப்பவர்கள் நாங்கள்.

அந்த மாணவிதான் விடவில்லை. திட்ட ஆணையை முழுவதும் வாசித்துவிட்டு இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார். “அண்ணா, பயிற்சி நடக்கும் இடம் மாநிலத்துக்குள் இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. பதிவேடு எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை.” அப்படியே வழி திறந்தது. களியக்காவிளையில் ஒரு சபை தன் மண்டபத்தைக் கொடுத்தது. பயிற்சி அங்கே. படம் எடுப்பது எங்கள் ஆலயத்தில், எங்கள் பிள்ளைகளே. துறையின் பணம் எல்லையைத் தாண்டவில்லை, எங்கள் புத்தகமும் தாண்டவில்லை. அலுவலகத்தில் ‘முடியாது’ என்றால் விதியின் எழுத்தை வாங்கி நீங்களே வாசியுங்கள்.

அதன் பிறகு தாள்கள். சபைக் கமிட்டித் தீர்மானம், பேராய அனுமதிக் கடிதம், போதகரின் ஒப்புதல், பயிற்சிக்கு வருகிறவர்களின் பட்டியல். எங்கள் தீர்மானப் புத்தகம் மலையாளத்தில் இருக்கிறது, அதற்குத் தமிழ் மொழிபெயர்ப்பு, அதில் போதகர் கையொப்பம், முத்திரை. எல்லாவற்றையும் நேரில் கொடுத்துவிடலாம் என்று மறுபடியும் இரவு பஸ். அதே எழுத்தர் இரண்டு தாள்களை அருகருகே வைத்தார். பேராயக் கடிதத்தில் தேதி 4, கமிட்டித் தீர்மானத்தில் தேதி 11. “தீர்மானம் போடுவதற்கு முன்பே அனுமதி எப்படி வந்தது?”

நடந்தது இதுதான்: பேராய அலுவலகத்தில் வாய்மொழியாகக் கேட்டவுடன் அன்போடு கடிதம் கொடுத்துவிட்டார்கள். தீர்மானம் பிறகுதான் போட்டோம். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. தேதியைத் திருத்தி எழுதச் சொல்லி ஒருவர் காதில் சொன்னார். அது செய்யவில்லை. பதிவேட்டைக் காப்பாற்றப் போகிறவன் தேதியைத் திருத்தக் கூடாது. புதுக் கடிதத்துக்கு ஐந்து வாரம். முதலில் தீர்மானம், பிறகு அனுமதி, பிறகு விண்ணப்பம். இந்த வரிசை மாறினால் யாராலும் உதவ முடியாது. மூன்றாவது முறை நான் போகவில்லை, பதிவுத் தபாலில் அனுப்பினேன், போய்ச் சேர்ந்தது.

ஒப்பந்தத் தாள் வந்தபோது இன்னொரு சிக்கல். படங்களின் ‘எல்லா உரிமையும்’ பல்கலைக்கழகத்துக்கு என்று ஒரு வரி இருந்தது. போதகர் கையொப்பமிட மறுத்துவிட்டார், அவருக்கு நான் இன்னும் நன்றி சொல்கிறேன். குறிப்புக் கட்டத்தில் சாதி இருக்கிறது, தகப்பன் பெயர் இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள், சபை ஒழுங்குக்கு உட்படுத்தப்பட்டவர்களின் விவரம் இருக்கிறது. அந்தக் குடும்பங்கள் இன்றும் இங்கே வாழ்கின்றன. துறைத்தலைவரிடம் தொலைபேசியில் பேசினேன். ஒரே வாரத்தில் வரியை மாற்றிவிட்டார்: ஒரு பிரதி சபைக்கு, ஒரு பிரதி துறைக்கு, சபையின் எழுத்து அனுமதி இல்லாமல் இணையத்தில் ஏற்றக் கூடாது. கேட்டால் மாற்றுகிறார்கள், கேட்காமல் கையொப்பமிடாதீர்கள்.

பயிற்சி மூன்று சனிக்கிழமை. எங்கள் பிள்ளைகள் ஒன்பது பேர். நான்கு பேருக்குத் தமிழ் எழுத்தே தெரியாது, முதல் சனிக்கிழமை அவர்களுக்கு அரிச்சுவடியிலேயே போய்விட்டது. மற்றவர்களுக்கும் எளிதாக இல்லை. அந்தக் கையெழுத்தில் புள்ளி கிடையாது. ‘முததமமாள’ என்று இருப்பதை முத்தம்மாள் என்று வாசிக்க வேண்டும். ஒற்றைக் கொம்புதான் எல்லாவற்றுக்கும், ஆகவே ‘தெவசகாயம’ என்றால் தேவசகாயம். காலும் ரகரமும் ஒன்று போலவே இருக்கும், முன்பின் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். முதல் பக்கங்களில் எண்ணும் தமிழ். ௮ என்பதை அகரம் என்றும் ௭ என்பதை எகரம் என்றும் வாசித்துக் குழம்பினார்கள்.

ஆண்டு கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு. இதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஆங்கில ஆண்டுக்கு மாற்ற 825ஐக் கூட்டினால் போதும் என்று நினைத்து ஒரு வருடம் பிசகிவிடுவார்கள். கொல்லம் ஆண்டு சிங்க மாதத்தில், ஆகஸ்டு நடுவில் பிறக்கிறது. சிங்கம் முதல் டிசம்பர் முடிய 824, ஜனவரி தொடங்கிக் கர்க்கடகம் முடிய 825. தனு மாதம், அதாவது மார்கழி, இரண்டு வருடத்திலும் காலை வைத்திருக்கும், அங்கே நாளையும் பார்த்தாக வேண்டும். 1070ஆம் ஆண்டு கன்னி மாதம் என்றால் 1894, அதே 1070 மேட மாதம் என்றால் 1895. இதைச் சொல்லிக் கொடுத்த பேராசிரியர், பிள்ளைகள் ஒவ்வொருவரும் பத்துத் தேதியைச் சரியாக மாற்றும் வரை மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. அவருக்காக என் கோபம் முழுவதையும் மன்னித்துவிட்டேன்.

படம் எடுப்பது பற்றிச் சில: ஃபிளாஷ் வேண்டாம், சன்னல் வெளிச்சம் போதும். விரலில் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்ட யாரையும் விடாதீர்கள், எவ்வளவு பெரியவராக இருந்தாலும். கிழிந்த ஓரத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், எங்கள் புத்தகத்தில் முன்பு யாரோ ஒட்டிய ஏழு பக்கத்தில் எழுத்து பழுப்பில் மூழ்கிவிட்டது. முதுகை அழுத்தி விரிக்க வேண்டாம், திறக்கும் அளவுக்கே திறந்து இரு பக்கமும் துணி மடித்து வையுங்கள். பழைய இரும்பு மை காகிதத்தையே அரித்திருக்கும், எழுத்து இருந்த இடத்தில் ஓட்டை இருக்கும், ராமபாணப் பூச்சி தின்றது என்று நினைத்து மருந்து தெளிக்கப் போய்விடாதீர்கள். படம் எடுத்த அன்றே இரண்டு இடத்தில் சேமியுங்கள். இதை நாங்கள் செய்யவில்லை, ஒரு பையனின் செல்பேசி மழையில் நனைந்து நாற்பது பக்கம் மறுபடியும் எடுத்தோம்.

போதகருக்கும் ஒன்று நினைவூட்ட வேண்டும்: சான்று கொடுப்பது மூலப் பதிவேட்டைப் பார்த்துத்தான். படம் வாசிக்க உதவும், சான்றுக்கு ஆதாரமாகாது.

கடைசிச் சனிக்கிழமைக்குப் பிறகு ஆலயத்தில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினோம். பதிவேட்டில் ‘முன் பெயர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது, ஞானஸ்நானத்துக்கு முன்பு என்ன பெயர் என்று. அரிச்சுவடியிலிருந்து தொடங்கிய பிள்ளைகளில் ஒருத்தி, பிளஸ் டூ படிப்பவள், விரலைத் தாளில் படாமல் பிடித்து வாசித்துக்கொண்டு வந்தாள். “ஏசுவடியாள். வயது பத்தொன்பது. முன் பெயர் சடைச்சி. தகப்பன் பனையேறி.” வீட்டுப் பெயரையும் வாசித்தாள். அது எங்கள் வீடு. என் அம்மச்சியின் அம்மா. ஏசுவடியாள் என்ற பெயரை எங்கள் கல்லறைக் கல்லில் பார்த்து வளர்ந்தவன் நான். அதற்கு முன்னால் அவளுக்கு ஒரு பெயர் இருந்ததை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. மறுபடியும் வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். அன்று மாலை அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு ஜெபப் புத்தகத்தின் முதல் தாளில் எழுதி வைக்கச் சொன்னார்கள்.

போன வருடம் வெறும் கையோடு அனுப்பிய குடும்பத்தைக் கூப்பிட்டு அனுப்பினேன். அவர்களுடைய பாட்டனார் 1063ஆம் ஆண்டு மீன மாதத்தில் இருக்கிறார், கணக்குப்படி 1888. போதகர் மூலத்தைப் பார்த்துச் சான்று எழுத, அந்தப் பிள்ளையே அருகில் நின்று வாசித்துக் கொடுத்தாள்.

திருமணப் பதிவேடு இரண்டு புத்தகம் பாக்கி இருக்கிறது. அலமாரிக்குப் பின் சுவரில் ஈரம் ஊறியிருப்பதால் இரண்டையும் மேல் தட்டுக்கு மாற்றியிருக்கிறோம். மழை விட்டதும் தொடங்குகிறோம்.