300 பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

காலையில் பைபிளில் நியாயாதிபதிகள் 7-ஆம் அதிகாரம் வாசித்ததிலிருந்து, இஸ்ரவேலர் படைக்குத் தலைவனான கிதியோனை நினைத்தால் பாவமாக இருக்கிறது. எதிரே பள்ளத்தாக்கு நிறைய மீதியானியர், அடுத்த அதிகாரத்துக் கணக்குப்படி 1,35,000 பேர். இவன் பக்கம் 32,000, அதில் கால் பங்குகூட இல்லை, ஆனால் கர்த்தர் ஆள் அதிகம் என்கிறார்! பயப்படுகிறவன் வீட்டுக்குப் போகலாம் என்றதும் 22,000 பேர் கிளம்பிவிட்டார்கள் (நானாக இருந்தால் முதல் ஆளாகப் போயிருப்பேன்). அப்புறம் தண்ணீர் குடிக்கவைத்து, கையால் அள்ளி நக்கிக் குடித்த 300 பேர்தான் மிச்சம். அவர்கள் கையில் எக்காளம், வெறும் பானை, பானைக்குள் தீவட்டி.

எனக்குப் பிடித்தது ஜெயித்த இடம் இல்லை. பயமாக இருந்தால் பூரா என்ற வேலைக்காரனைக் கூட்டிக்கொண்டு எதிரிகள் பேசுவதைக் கேட்டுவிட்டு வா என்று கர்த்தரே சொல்ல, கிதியோனும் அவனைக் கூட்டிக்கொண்டே போகிறான் பாருங்கள், அந்த இடம். அவ்வளவு பயத்திலும், அனுப்பிய 31,700 பேரில் ஒருவனையும் சண்டைக்கு முன் திரும்பக் கூப்பிடவில்லை.

நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்தபோது நானும் ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டேன். சில மாதம் இப்போதும் இடிக்கத்தான் செய்கிறது. சரி, அப்பாவுக்குக் கஞ்சி வைக்கும் நேரம்.