தணிக்கை வாரத்தில் ‘பொன்னியின் செல்வன்’

தணிக்கை நடக்கும் வாரத்தில் கணக்குப் பிரிவுக்காரர்களுக்குத் தலைக்கு மேல் வேலை. வவுச்சர் எங்கே, கையெழுத்து எங்கே, இந்தத் தொகை எந்தத் தலைப்பில் போனது என்று கேள்வி வந்துகொண்டே இருக்கும். அப்படியொரு வாரத்தில்தான் கல்கி எழுதிய ‘பொன்னியின் செல்வ’னை மறுபடி எடுத்தேன். “ஐந்து பாகத்தை இப்போதா படிக்கிறது?” என்றார் பக்கத்து மேஜை நண்பர்.

வேலை நெருக்கும்போது அதைவிடத் தோதான நாவல் கிடையாது என்பேன். 1950இல் தொடங்கி மூன்றரை ஆண்டு போல ‘கல்கி’ வார இதழில் தொடராக வந்தது. சின்னச் சின்ன அத்தியாயங்கள். சாப்பாட்டு இடைவேளையில் ஒன்று, தூங்கப் போகுமுன் ஒன்று என்று ஓடிவிடும். பெரும்பாலும் ஒரு முடிச்சில் கொண்டுபோய் நிறுத்துவதால் விட்ட இடமும் மறக்காது.

இம்முறை என்னைப் பிடித்துக்கொண்டது சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலை. அது கற்பனையல்ல. நாவலின் நாயகன் வந்தியத்தேவன் குதிரையில் வரும் வீரநாராயண ஏரிப் பக்கம்தான் உடையார்குடி. அங்கே அனந்தீசுவரர் கோயிலில், ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகிய சகோதரர்களின் பெயரைச் சொல்கிறது. கதையில் சதிகாரனாக வருகிறவன் ரவிதாசன்; அந்தப் பெயரைக் கேட்டதுமே நாவல் படித்தவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஆனால் அது கொலை விசாரணைக் குறிப்பு இல்லை, நில ஆவணம். துரோகிகளின் உறவினர்களிடமிருந்து பறிமுதலான நிலம் விற்கப்பட்டு, தருமத்துக்குப் போனதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். யாருடைய நிலம், ஏன் பறித்தார்கள், யார் வாங்கினார்கள் என்று நாங்கள் தினமும் தேடுகிற அதே விவரங்கள்! காரணத்தைத் தவிர்த்துவிட்டு விற்பனையை மட்டும் பொறித்திருந்தால் அந்தக் கல் நமக்கு இவ்வளவு பேசியிருக்காது.

கொலைக்கான நோக்கத்தை அது சொல்லவில்லை. ஆய்வாளர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். கல்கியும், கத்தி யார் கையிலிருந்து பாய்ந்தது என்பதை முழுதாக உடைத்துச் சொல்லாமல் விட்டுவிடுகிறார். அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மையாகவே படுகிறது. ஆதாரம் இல்லாத இடத்தில் தீர்ப்பெழுத அவர் கை துணியவில்லை.

அந்த வாரம் ‘இதர செலவு’ என்று மொட்டையாக இருந்த பதிவுகளையெல்லாம் எடுத்து, யாருக்கு, எதற்கு என்று எழுதவைத்தேன். புதிதாகச் சேர்ந்த பெண், “இவ்வளவு விவரம் எதுக்கு சார்?” என்று கேட்டார். உடையார்குடிக் கல்வெட்டைப் பற்றிச் சொன்னேன். முதல் பாகத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.