குலசை 2009 ஃபோல்டர்

மூன்று வாரமாக ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எனக்கு ஒரே வேலைதான். 2009 செப்டம்பரில் தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினம் (எங்கள் வாயில் குலசை) தசராவில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்று நாளில் எடுத்தது 1,140 படம். நிகான் டி90 கேமரா வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத நேரம் அது. இவற்றில் பன்னிரண்டை மட்டும் தேர்ந்தெடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஆல்பமாக வைக்க வேண்டும் என்று ஆசை.

ஆரம்பித்து வைத்தது என் மகள். டிவியில் பழைய படங்களை ஓடவிட்டிருந்தேன். அன்றைக்கு நான் பெருமையாக எல்லாருக்கும் அனுப்பிய படங்கள். பார்த்துக்கொண்டே இருந்தவள், "எல்லாரும் ஏம்ப்பா ஆரஞ்சு கலர்ல இருக்காங்க?" என்றாள். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அன்றைக்குத் தெருவில் எரிந்ததெல்லாம் சோடியம் விளக்கு. அதில் எடுத்தால் தோல், சுவர், மணல் எல்லாம் ஒரே மஞ்சளாகத்தான் வரும். அது போதாதென்று என் பழைய லேப்டாப் திரை கொஞ்சம் நீலமாகக் காட்டும். அதைச் சரிக்கட்டுவதாக நினைத்து, எல்லாப் படத்திலும் மஞ்சள் சாயலை இன்னும் ஏற்றிவிட்டிருக்கிறேன். கூடவே ஓரங்களில் கறுப்பு, முகங்களில் முறுக்கேறிய கான்ட்ராஸ்ட். அந்தக் காலத்தில் அதுதான் அழகு என்று மனதார நம்பினேன்.

நல்லவேளை, ஆரம்பத்திலிருந்தே ரா ஃபைலாகத்தான் எடுத்தேன், அதாவது கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல். டி90-யின் ரா 12 பிட். ஒவ்வொரு நிறத்திலும் 4,096 படிகள். வழக்கமாக அனுப்பும் சுருக்கிய ஜேபெக் படம் என்றால் 256 படிதான். அன்றைக்கு நான் செய்த கோலங்கள் எதுவும் அசல் ஃபைலைத் தொடவில்லை. படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூம் 2-இல் நான் இழுத்துவைத்த ரெக்கவரியும் (அதிக வெளிச்சத்தை அடக்குவது) ஃபில் லைட்டும் (இருட்டை வெளிச்சமாக்குவது) வெறும் குறிப்புகளாக அப்படியே இருக்கின்றன. ரீசெட் கொடுத்தால் அன்றைய படம் கைபடாமல் முன்னால் வந்து நிற்கிறது.

முதலில், பிடித்தவை என்று அன்றைக்கு நான் ஐந்து நட்சத்திரம் போட்ட படங்களைத்தான் திறந்தேன். மொத்தம் 31. பாதிக்கு மேல் இப்போது பிடிக்கவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். அம்மன் மகிஷாசுரனை வதம் செய்யும் சூரசம்ஹாரப் படம் ஒன்றுக்கு ஐந்து நட்சத்திரம். கடற்கரையில் அந்தக் கூட்டத்தில் நசுங்கி, கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, நடுராத்திரியில் எடுத்தது. படத்தில் இருப்பதோ தூரத்தில் கொஞ்சம் வெளிச்சமும் நூறு தலைகளும்தான். நான் நட்சத்திரம் கொடுத்தது படத்துக்கு இல்லை, பட்ட பாட்டுக்கு. இன்றைக்கு அந்தக் கால்வலி மறந்துபோயிற்று. படம் தனியாக நிற்கிறது, தனியாக நிற்க அதற்குத் தெம்பு இல்லை.

அமெரிக்கத் தெருப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட், எடுத்த ஃபிலிமை ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்துத்தான் கழுவுவாராம். எடுத்தபோது இருந்த சந்தோஷமும் அலுப்பும் மறந்த பிறகு பார்த்தால்தான் படம் படமாகத் தெரியும் என்பது அவர் எண்ணம். 1984-இல் அவர் இறந்தபோது கழுவாத ரோல்கள் மட்டும் 2,500 வாக்கில் கிடந்தன. எடுத்த அன்றே எல்லாவற்றையும் பார்த்துவிடும் நமக்கு அந்த இடைவெளி தானாக அமையாது. எனக்குப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகித்தான் அமைந்தது.

அப்புறம் நட்சத்திரமே இல்லாத படங்களுக்குப் போனேன். பொக்கிஷம் அங்கேதான் இருந்தது.

குலசை தசராவைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த ஊர் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் விரதம் இருந்து வேஷம் கட்டுவார்கள். குறவன், குறத்தி, குரங்கு, கரடி, போலீஸ், ராஜா என்று எத்தனையோ வேஷம். ஊர் ஊராகப் போய்த் தர்மம் எடுத்து, அந்தக் காசைக் கோயிலில் சேர்ப்பார்கள். இருப்பதிலேயே கடினம் காளி வேஷம். நீண்ட விரதம், தலையில் கனமான கிரீடம், முதுகில் கட்டிய கூடுதல் கைகள், முகம் முழுக்கச் சிவப்பு.

அந்தச் சிவப்பைத்தான் நான் கொன்றுவைத்திருந்தேன். வேஷம் போட்டுக்கொண்டிருந்த ஒரு அண்ணாச்சியின் முகம். உடன்குடிப் பக்கம் ஒரு கொட்டகையில், சாயங்காலம் எடுத்தது. என் பழைய எடிட்டில் அவர் முகம் கன்னம் எது, மூக்கு எது என்று தெரியாத ஒரே சிவப்புத் திட்டு. சாச்சுரேஷனை, அதாவது நிறச் செறிவை, ஏற்றிய வேகத்தில் சிவப்பு உச்சத்தில் போய் முட்டிவிட்டது. இப்போது ரீசெட் செய்து, நிறச் செறிவைக் குறைத்து, சிவப்பின் பிரகாசத்தை மட்டும் மெதுவாக இறக்கினேன். உள்ளே இருந்தது ஒவ்வொன்றாக வந்தது. நெற்றியில் சாயம் காய்ந்து விட்ட விரிசல். புருவத்துக்கு மேல் துளித்துளியாக வேர்வை. பிரஷ் இழுத்துப் போன கோடு. காதோரம் சாயம் படாத இடத்தில் அவருடைய சொந்த நிறம், இரண்டு விரல் அகலத்துக்கு. அதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

நாய்ஸ் விஷயத்திலும் கை பதறக் கூடாது. வெளிச்சம் போதாமல் கேமராவின் உணர்திறனை ஏற்றி ஐஎஸ்ஓ 1600-இல் எடுத்த படம், குருணை குருணையாக இருக்கும். அந்தக் குருணைதான் நாய்ஸ். அதை நீக்கும் இப்போதைய ஏஐ கருவியை முழு அளவுக்கு விட்டேன். விரிசலெல்லாம் மறைந்து முகம் பிளாஸ்டிக் பொம்மை ஆயிற்று. 30-க்கு இறக்கி வைத்துவிட்டேன். குருணை இருந்துவிட்டுப் போகட்டும். தெருவில் எடுத்த படங்களின் மஞ்சளையும் அப்படித்தான் முழுக்க எடுக்கவில்லை. மஞ்சளைக் குறைக்கும் நிற வெப்ப அளவு 2,000 கெல்வினில் போய் முட்டுகிறது, அதற்குக் கீழே போகாது. போனாலும் நான் போயிருக்க மாட்டேன். குலசை ராத்திரி மஞ்சளாகத்தான் இருந்தது.

அண்ணாச்சி படத்தில் இன்னொன்றும் செய்திருந்தேன். முகம் மட்டும் தெரிகிற மாதிரி ஓரங்களை வெட்டி நெருக்கி கிராப் பண்ணியிருந்தேன். கிராப்பை விடுவித்ததும் வலது பக்கம் அவருடைய மகன் வந்துவிட்டான். ஏழெட்டு வயது இருக்கும். இரண்டு கையாலும் அப்பாவுக்குக் கண்ணாடி பிடித்துக்கொண்டு நிற்கிறான். முழங்கையில் ஒரு மஞ்சப்பை தொங்குகிறது. அந்தப் பை கண்ணை உறுத்துகிறது என்று, பையோடு சேர்த்துப் பையனையும் அன்றைக்கு வெட்டியிருக்கிறேன். எனக்கு இப்போதும் வருத்தமாக இருக்கிறது. அவ்வளவு சிவப்புக்கும் ஈடுகொடுத்து நிற்பது அந்த மஞ்சள் ஒன்றுதான். கண்ணாடிக்குள் பாதி முகம் சிவப்பு, பாதி முகம் அப்பா.

எல்லாம் திரும்பக் கிடைத்துவிடவில்லை. 2010 குலசைப் படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க் 2012-இல் ஒரு நாள் டக் டக் என்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. அதில் மிஞ்சியது நான் எப்போதோ மெயிலில் அனுப்பிய 1,024 பிக்சல் ஜேபெக் நாற்பதுதான். அன்றைய ஆரஞ்சு அவற்றில் அப்படியே உறைந்து கிடக்கிறது. இப்போது இரண்டு டிஸ்கில் ஒரே மாதிரி நகல், மூன்றாவது என் தம்பி வீட்டில்.

பன்னிரண்டில் பதினொன்று முடிவாகிவிட்டது. பன்னிரண்டாவதுதான் கண்ணாடிப் படம். அதில் இரண்டு ஃபிரேம் இருக்கிறது, இரண்டுக்கும் ஒரு நொடிகூட இடைவெளி இருக்காது. ஒன்றில் பையன் அப்பாவைப் பார்க்கிறான். மற்றதில் என்னைப் பார்க்கிறான். ஒரு வாரமாக அம்புக்குறிப் பட்டனைத் தட்டி இதையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மகளுக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது. வீட்டம்மாவுக்கு முதலாவது. நேற்று இரண்டையும் 8க்கு 12 அங்குல அளவில் பிரிண்ட் போடக் கொடுத்துவிட்டு வந்தேன். நாளை சாயங்காலம் போய் வாங்க வேண்டும்.