700 ரூபாய் ஆட்டோவில் ஒரத்துப்பாளையம்

முதலில் ஆட்டோக் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்காது. சென்னிமலையிலிருந்து ஒரத்துப்பாளையம் அணைக்குப் போய்வர 400 ரூபாய் என்று பேசித்தான் ஏறினேன். அணையிலிருந்து கிளம்பும்போது 700 ஆகிவிட்டது. "ரோடு அப்படிங்க, வெயிட்டிங் வேற இருக்குதுங்களே" என்றார். அங்கே வேறு வண்டி கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கொடுத்துத் தொலைத்தேன். போகிறவர்கள் யாரிடமாவது பைக்கை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, அணை. சாயக்கலரில் ஒரு குளம் இருக்கும் என்று நினைத்துப் போனேன். அங்கே இருந்ததோ, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் கரையும் உள்ளே ஒரே சீமைக் கருவேலமும்தான். நடுவில் வாய்க்கால் மாதிரி நொய்யல். மதகுகள் திறந்தே கிடந்தன. தண்ணீர் விழும் இடத்தில் நுரை பொங்கியது. வெள்ளிங்கிரியில் பிறந்து கோவை, திருப்பூர் இரண்டையும் கடந்து வரும் ஆறு. வந்த வழியை நாற்றமே சொல்லிவிடும்.

1992-ல் பாசனத்துக்குக் கட்டிய அணை, தேங்கியதோ திருப்பூர் சாய ஆலைகளின் கழிவு. தண்ணீர் விடு என்று விவசாயிகள் போராடித்தான் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே விடாதே என்று போராடினார்கள்.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "இப்போ தண்ணியில நிறமே இல்லையே ஐயா" என்றேன். "நெறத்தைப் பாத்து என்ன பண்றதுங் தம்பி? உப்பு கண்ணுக்குத் தெரியுமுங்களா? எங்க கெணத்துத் தண்ணிய வாயில வெக்க முடியாதுங்க" என்றவர் காலால் ஒரு கல்லைப் புரட்டினார். ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. நாக்கில் வைத்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பருத்தித் துணியில் சாயம் பிடிக்க, தொட்டியில் உப்பை அள்ளிக் கொட்ட வேண்டும். அது துணியில் தங்காது, கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். சாதாரணச் சுத்திகரிப்பில் நிறம் போகும், உப்பு போகாது. அதற்கு உப்பைச் சவ்வில் வடிக்கும் ஆர்.ஓ. வேண்டும், மிஞ்சும் உப்புக் கரைசலையும் காய்ச்சி வற்றவைக்க வேண்டும். எல்லாம் காசு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகுதான் 'ஜீரோ டிஸ்சார்ஜ்', அதாவது கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்ற பேச்சுக்குத் திருப்பூரில் மரியாதை வந்தது. அதற்குள் நிலத்தடியில் இறங்கியது இறங்கியதுதான்.

திரும்பி வந்து சென்னிமலையில் சாப்பிட்ட அரிசிம்பருப்பு சாதத்தைப் பற்றித் தனிப்பதிவே போடலாம். சுடச்சுட, மேலே நெய், தொட்டுக்கொள்ள அப்பளம். 60 ரூபாய். ஆட்டோவில் விட்டதில் பாதி திரும்பி வந்த மாதிரி இருந்தது.

இன்னொன்று. முந்தின நாள் திருப்பூர் காதர்பேட்டை பனியன் கடைகளில் 150 சொன்ன டீ-ஷர்ட்டை 110-க்குப் பேசி எடுத்திருந்தேன். அடர் நீலம். அதைத்தான் போட்டுக்கொண்டு அணைக்குப் போனேன். கிளம்பும்போது பெரியவர், "பனியன் திருப்பூருங்களா, எத்தனைங்க?" என்றார். சொன்னேன்.

"சல்லிசாத்தான் குடுத்திருக்கறானுங்க" என்று ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.