கண்டென்சிங்கைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்

டோரிகோ என்ற இசைக்குறியீட்டு மென்பொருளில் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதும் நண்பர்கள் கேட்பது: ஒரு நோட்டை மாற்றினால் திரை ஏன் இவ்வளவு நேரம் யோசிக்கிறது? பெரிய ஸ்கோரில் (எல்லா வாத்தியங்களுக்கும் சேர்த்த பிரதியில்) கண்டென்சிங் ஆனில் இருந்தால் அப்படித்தான். 2019இல் டோரிகோ 3 கொண்டுவந்த வசதி இது. இரண்டு ஃப்ளூட் பார்ட்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டே, கண்டக்டர் பிரதியில் ஒரே ஸ்டாஃபில் (ஐந்து கோட்டு வரிசையில்) அடக்கித் தரும்.

கேட்க எளிது, கணக்கு பெரிது. ஒரு ரெஸ்ட்டிலிருந்து (வாத்தியம் மௌனமாக இருக்கும் இடத்திலிருந்து) அடுத்த ரெஸ்ட் வரை முழுத் தொடரையும் பார்த்துத்தான் முடிவெடுக்கும். இருவருக்கும் ஒரே ஸ்வரம் என்றால் மேலே ‘a2’ என்று போடும். தாளம் ஒன்று, ஸ்வரம் வேறா? இருவருக்கும் ஒரே தண்டு, அதாவது நோட்டின் செங்குத்துக் கோடு. தாளமும் வேறென்றால் ஒருவருக்குத் தண்டு மேலே, மற்றவருக்குக் கீழே. ரெஸ்ட்டே இல்லாமல் பக்கம் பக்கமாக ஓடும் இடத்தில் கடைசி நோட்டைத் தொட்டாலும் முதலிலிருந்து மறுபரிசீலனைதான்!

சரி, என்ன செய்யலாம்? ஃபுல் ஸ்கோர் லேஅவுட் (பக்க அமைப்பு) இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு ஒன்று, அதில் கண்டென்சிங் வேண்டாம். கண்டக்டருக்கு இன்னொன்று. நோட் போடுவதை ‘Galley View’வில், அதாவது பக்கப் பிரிப்பில்லாமல் நீளமாக ஓடும் காட்சியில், செய்யுங்கள்; அங்கே கண்டென்சிங் தலைகாட்டாது. என்னைக் கேட்டால், பாதி எரிச்சல் இதிலேயே போய்விடும். புது கம்ப்யூட்டர் வாங்குவதெல்லாம் அப்புறம்.

பக்கப் பிரிப்பை மட்டும் கண்டக்டர் லேஅவுட்டில், கடைசியாக. ஸ்டாஃப் எண்ணிக்கை குறைந்தால் பக்கமும் மாறிவிடும்.